புற்றில் பால் ஊற்றலாமா?

குழந்தை வரம் வேண்டி நாகரைக் கும்பிடப் போகிறோம், புற்றில் பால் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். பால் பாம்பின் உணவே அல்ல, அதற்குச் செரிக்கவும் செரிக்காது. உள்ளே ஊற்றும் பாலும் போடும் முட்டையும் அழுகி நாறும். நாம் வணங்கும் உயிருக்கே அது தொல்லை. புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சுற்றி வந்தாலே போதும்.

பாலை நாகர் கல்லுக்கு ஊற்றுங்கள். அரசும் வேம்பும் சேர்ந்த மேடைகளில் இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்த கற்கள் இருக்குமே, அவற்றில் பலவும் பிள்ளை வரம் கேட்டவர்கள் நேர்ந்து வைத்தவைதான். செதுக்கிய கல்லை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தண்ணீரில் கிடத்திவிட்டு அப்புறம் பிரதிஷ்டை செய்வது வழக்கம். ஊருக்கு ஊர் இந்த நாள் கணக்கு மாறும்.

நாக சதுர்த்தியும் மறுநாள் நாக பஞ்சமியும் விசேஷம். கோயிலுக்குத்தான் போக வேண்டும் என்றால் நாகர்கோவில் நாகராஜா கோயிலைச் சொல்வேன். அங்கே மூலவர் இருப்பது ஓலைக் கூரையின் கீழே. கருவறையின் ஈர மண்தான் பிரசாதம். ஆவணி ஞாயிறுகளில் கூட்டம் அதிகம், விடியற்காலையிலேயே போய்விடுங்கள்.