ஊட்டியில் மேப் சென்சார் 77 காட்டினால் பழுதா?

மேப் சென்சார் என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது. அதை மாற்ற வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் உங்களிடம் சொன்ன இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீபுரோகிராமும் இப்போது தேவையில்லை. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் மேட்டுப்பாளையத்தில் 97 கிலோபாஸ்கல் காட்டிய ஸ்கேனர், ஊட்டியில் 77 காட்டுகிறது என்கிறீர்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய 77தான், இன்ஜின் ஓடாதபோது சென்சார் அதைத்தான் காட்டும். உங்கள் சென்சார் சரியாகவே அளக்கிறது.

பி0299, அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை என்ற பிழைக் குறியீடு, கல்லாறு தாண்டி ஏறும்போது மட்டும் வருகிறது என்கிறீர்கள். அதனால் என் முதல் சந்தேகம் இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் மேல்தான். சமவெளியில் மெதுவாக ஓட்டும்போது சின்ன விரிசல் மூடியே இருக்கும், ஏற்றத்தில் அழுத்தம் கூடும்போதுதான் வாய் திறக்கும். என் வண்டியில் கிளாம்ப்புக்கு அடியில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு புது சென்சாருக்குப் பணம் போய்விட்டது.

1. ஹோஸ் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு புதிதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் கசிவு.
2. பர்லியாரிலிருந்து குன்னூர் வரை லைவ் டேட்டாவை, அதாவது ஓடும்போது ஸ்கேனர் காட்டும் அளவுகளை, பதிவு செய்யுங்கள். ஸ்கேனர் பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கட்டும், ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. இசியூ கேட்கும் பூஸ்ட்டுக்கும் (டர்போ தரும் அழுத்தம்) கிடைக்கும் பூஸ்ட்டுக்கும் இடைவெளி எங்கே விரிகிறது என்று அப்புறம் பாருங்கள்.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது, டர்போ தரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர்.

சில ஸ்கேனர்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டு பூஸ்ட்டைக் காட்டும், அதை உறுதி செய்துவிட்டு ஒப்பிடுங்கள். ரீபுரோகிராம் செய்தே ஆக வேண்டும் என்றால், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சப்ளையை பேட்டரியில் மாட்டாமல் யாரையும் தொடங்க விடாதீர்கள். பாதியில் மின்னழுத்தம் இறங்கினால் இசியூ செயலிழந்துவிடலாம்.