எந்த ஆர்க்கைவா இருந்தாலும் ஒரே கமாண்ட்

கேள்வி: சோர்ஸ் கோடு டவுன்லோடு பண்ணா ஆர்க்கைவா (பல ஃபைலை ஒண்ணா கட்டின ஃபைல்) வருது, ஒண்ணு டார்.ஜிஇசட், இன்னொண்ணு டார்.எக்ஸ்இசட், இன்னொண்ணு ஜிப்னு வருது, பிரிக்கிற கமாண்டோட ஆப்ஷன் எல்லாம் மறந்து மறந்து போகுது. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினல் கமாண்டை வரிசையா எழுதின ஃபைல்) எழுதினேன், கடைசி வரில புது ஃபோல்டருக்குள்ள போறதுக்கு சிடி கமாண்ட் போட்டிருக்கேன், ஆனா முடிஞ்சதும் பழைய இடத்துலயேதான் நிக்குது. ஏன்?

பதில்: ஸ்கிரிப்ட் தனி ப்ராசஸா ஓடுது, சிடி அதுக்குள்ள மட்டும்தான் செல்லும், அது முடிஞ்சா உங்க ஷெல் இருந்த இடத்துலயே இருக்கும். அதையே ஒரு ஃபங்ஷனா மாத்தி பாஷ்ஆர்சி ஃபைல்ல (டெர்மினல் திறக்கும்போது ஷெல் படிக்கிற ஃபைல்) போட்டு புது டெர்மினல் திறங்க, சரியாயிடும்.

ஆப்ஷன் விஷயம் நீங்க நினைக்கிற அளவு கஷ்டமே இல்லைங்க. இப்போ இருக்கிற க்னூ டாருக்கு (லினக்ஸ்ல வர்ற டார் கமாண்ட்) வெறும் எக்ஸ்எஃப் ஆப்ஷன் போதும், ஜிஇசட்டா எக்ஸ்இசட்டானு அதுவே பார்த்துக்கும். ஜிப்புக்கு மட்டும் அன்ஜிப். ஆக ஃபைல் வகை பார்த்துப் பிரிக்கிற கேஸ்ல ரெண்டே கிளைதான்.

உண்மையிலேயே கவனிக்க வேண்டியது வேற. சில ஆர்க்கைவ்ல மேல ஒரு ஃபோல்டரே இருக்காது, பிரிச்சா ஃபைல் எல்லாம் நீங்க நிக்கிற இடத்துலயே கொட்டிடும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆகி, நான் எழுதி வச்சிருந்த மேக்ஃபைல் (ப்ரோக்ராமை பில்ட் பண்ற வழி எழுதின ஃபைல்) மேலயே அதோட மேக்ஃபைல் ஏறிடுச்சு, டார் ஒரு வார்த்தை கேக்கல, அன்ஜிப்பாவது கேக்கும். அன்னிலேர்ந்து நேரா பிரிக்கிறதே கிடையாது. முதல்ல எம்கேடெம்ப் மைனஸ் டி வச்சு இதே டைரக்டரிக்குள்ள ஒரு தற்காலிக ஃபோல்டர், அதுக்குள்ள பிரிக்கணும், அப்புறம் எல்எஸ் மைனஸ் பெரிய ஏ போட்டு எத்தனை இருக்குன்னு எண்ணணும் (சின்ன ஏ போட்டா ஒத்தைப் புள்ளி, ரெட்டைப் புள்ளி, அதாவது இதே ஃபோல்டரும் மேல் ஃபோல்டரும், ரெண்டும் கணக்குல வந்துடும்). ஒரே ஒரு ஃபோல்டர்தான்னா அதை வெளிய நகர்த்திட்டு தற்காலிகத்தை அழிச்சிடலாம், நிறைய இருந்தா தற்காலிகத்துக்கே ஆர்க்கைவ் பேர வச்சிடலாம், ஆனா எம்கேடெம்ப் அதுக்கு 700 பர்மிஷன்தான் குடுத்திருக்கும், மத்தவங்களும் திறக்கணும்னா 755 ஆக்கிடுங்க. எப்படியானாலும் அதே பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருந்தா நகர்த்தாம நிக்கிற மாதிரி ஒரு செக் கண்டிப்பா வேணும், இல்லேன்னா பழைய ஃபோல்டருக்குள்ள புதுசு போய் உக்காந்துக்கும்.

டாலர் ஒண்ணு, அதாவது ஃபங்ஷனுக்கு நீங்க குடுக்கிற ஃைல் பேர், வர்ற இடத்துல எல்லாம் டபுள் கோட்ஸ் போடுங்க, பேர்ல ஸ்பேஸ் இருக்கிற ஃபைல் என்னிக்காவது ஒரு நாள் வந்தே தீரும்.