கியர்பாக்ஸை இறக்கும் முன்: பழைய பிக்கப் கிளட்ச், கேள்வி பதில்

கேள்வி (உட்லண்ட்ஸ்): அண்ணே, 2009 டொயோட்டா ஹைலக்ஸ். ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. பட்டறையில் கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும் என்கிறார்கள். சிங்கப்பூர்க் கணக்கில் 20 வருட ஆயுள் முடிந்து 2029-ல் ஸ்கிராப்புக்குப் போகிற வண்டிக்கு இவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்: இப்போதைக்குச் செய்யாதீர்கள், தம்பி. பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது. கியர் கடிக்கிறதென்றால் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. அதற்கான காரணம் பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கும்.

பெடலை மிதித்தால் மேல் பம்ப் ஆயிலைத் தள்ளும்; அந்த ஆயில் கீழ் பம்ப்பின் தண்டைத் தள்ளிக் கிளட்சைப் பிரிக்கும். இன்ஜினை அணைத்து, கை பிரேக் இழுத்து, டயருக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் பெடலை மிதிக்கட்டும். நீங்கள் கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் கீழ் பம்ப்பைப் பாருங்கள். அதன் தண்டு கொஞ்சம்தான் நகர்கிறதா? கோளாறு பெடலுக்கும் அந்தத் தண்டுக்கும் நடுவில். கீழ் பம்ப்பின் ரப்பர் உறையை விலக்குங்கள்; உள்ளே ஈரமிருந்தால் சீல் போய்விட்டது. மேல் பம்ப் கசிந்தால் வண்டிக்குள், பெடல் தண்டு வழியே இறங்கும். ஒன்று போயிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயதுச் சீல்கள், மற்றதும் அதிக நாள் தாங்காது.

தண்டு முழுசாக நகர்ந்தும் கடித்தால் மட்டும் அந்தத் தண்டு தள்ளும் ஃபோர்க், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பிளேட் என்று உள்ளே போங்கள்.

கேள்வி (தோ பாயோ): கசிவே இல்லை, ஆயிலும் குறையவில்லை. ஆனால் சிக்னலில் பெடலை மிதித்தபடியே நின்றால் வண்டி மெல்ல முன்னே நகர்கிறது, அண்ணே.

பதில்: மேல் பம்ப். உள் சீல் தேய்ந்து, ஆயில் வெளியே வராமல் உள்ளேயே பின்னால் நழுவுகிறது. இரண்டு முறை வேகமாக மிதித்ததும் சரியாகிறது, பிடித்தபடி இருந்தால் விடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் வண்டி தானாக நகரக் கூடாது. இன்றே மாற்றுங்கள்.

கேள்வி (சுங்கை காடுட்): பெடலில் ஆட்டம் அதிகமாக இருந்தது. பெடலிலிருந்து மேல் பம்ப்புக்குப் போகும் தண்டை நீட்டி ஆட்டமே இல்லாமல் செய்துவிட்டேன். இப்போது சுமையோடு மேம்பாலம் ஏறினால் வழுக்குகிறது.

பதில்: ஆட்டம் வந்தது பெடலில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்ததால். ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். அதை மாற்றாமல் தண்டை நீட்டினால் வேறு வினை வரும். பெடல் முழுசாக மேலே வந்தால்தான் மேல் பம்ப்புக்குள் சின்னத் துளை திறந்து ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். தண்டு பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் துளை மூடியே கிடக்கும். இன்ஜின் சூட்டில் ஆயில் விரியும், போக இடமில்லாமல் கிளட்சைப் பாதி மிதித்த நிலையில் வைத்திருக்கும். பிளேட் கருகுவது இப்படித்தான்.

வழுக்கும்போது ஓரங்கட்டி, கீழ் பம்ப்பின் காற்று நிப்பிளை மெல்லத் திறந்து பாருங்கள். ஆயில் சூடாக இருக்கும், கவனம். ஆயில் பீறிட்டுப் பிடிப்பு திரும்பினால் அடைபட்ட அழுத்தம்தான். தண்டைச் சரிசெய்த பிறகும் இதே நிலை என்றால் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். பழைய ஹோஸ் உள்ளே உப்பினால் ஆயில் போகும், திரும்பாது. டொயோட்டா கையேடுகளில் பெடலின் வெற்று ஆட்டம் பொதுவாக 5 முதல் 15 மி.மீ. வரை. மற்ற வண்டிக்கு அதன் கையேடே கணக்கு.

கேள்வி (பூன் லே): மிதித்தால் சத்தம், விட்டால் இல்லை.

பதில்: ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது கிளட்சை அழுத்திப் பிரிக்கும் பேரிங். இதற்குக் கியர்பாக்ஸ் இறங்கியே ஆகணும், அப்போதே பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். விட்டால் சத்தம், மிதித்தால் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங்.

கேள்வி (ஈசூன்): அடுத்த வாரம் ஆறு மாத இன்ஸ்பெக்‌ஷன். கிளட்ச் டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது, கையிலிருந்த பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றினேன். பரவாயில்லையா?

பதில்: வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் தவிர வேறு எதுவும் அந்தச் சீல்களுக்கு ஆகாது, ஊதிப் பழுதாகும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. உங்களுடையதும் அப்படியென்றால் பிரேக்கே போகும், டோ வண்டியில்தான் பட்டறைக்குப் போகணும். டப்பாவைக் கழுவினால் போதாது. குழாய்களைச் சுத்தம் செய்து, சீல், ஹோஸ் எல்லாம் மாற்றி, மூடியில் எழுதியிருக்கும் டாட் (DOT) எண்ணை, அதாவது பிரேக் ஆயிலின் தர எண்ணைப் பார்த்துப் புது ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் அதற்குப் பிறகுதான்.