கார் இருக்கும்போது பைக் ஓட்டுவதில் மனதுக்கு அப்படி என்ன கிடைக்கிறது?

முதலில் கிடைப்பது தனிமை. பைக்கில் வலது கைக்கு ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும், இடது கைக்கு கிளட்ச், ஒரு காலுக்கு கியர், இன்னொரு காலுக்குப் பின் பிரேக் என்று நாலுக்கும் வேலை இருப்பதால் போனைத் தொடவே முடியாது, உடம்பு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு மட்டும் ஃப்ரீயாகிவிடும். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு யோசித்தும் பிடிபடாத விஷயம் ஹெல்மெட்டுக்குள் தானாகத் தெளிவாகும்.

ஆனால் இதெல்லாம் மவுன்ட் ரோடு சிக்னல்களில் நடக்காது. விடியற்காலையில் திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் போய்ப் பாருங்கள். முட்டுக்காடு பாலத்தில் ஏறியதும் இடது பக்கம் கடல், வலது பக்கம் உப்பங்கழி, காற்றின் ஈரமும் வாசனையும் சட்டென்று மாறுவது கழுத்திலேயே தெரியும். கண்ணாடி ஏற்றிய ஏசி காருக்குள் இது எதுவும் வராது.

அப்புறம் வளைவு. ஓரளவு வேகத்தில் இடது பக்கம் திரும்ப, இடது ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ள வேண்டும், அப்போதுதான் வண்டி இடது பக்கம் சாயும். விளக்கினால் குழப்பமாக இருக்கும், ஆனால் யோசிக்காமலே கை அதைச் செய்துவிடும். எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

புல்லட் என்றால் சத்தமும் சேரும். 1955-லிருந்து நம்ம ஊரோடு சேர்ந்த வண்டி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும், அதனால் ஐடிலில் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கேட்கும். அவசரமில்லாத நாளில் அதைக் கேட்டுக்கொண்டே மாமல்லபுரம் வரைக்கும் போகலாம்.