ரயிலுக்காகவே பிறந்த ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேட்கப்பட்ட கேள்வி: ரயில் பாதை வந்ததால் மட்டுமே உருவான சின்னக் கடற்கரை நகரம் எதிலாவது வாழ்ந்தவர்கள் உண்டா? அந்த ஊரின் கதை என்ன, அங்கே அன்றாடம் எப்படிப் போகும்?

நான் இப்போது வாழ்ந்துகொண்டிருப்பதே அப்படி ஓர் ஊரில்தான். பெயர் பிரின்ஸ் ரூபர்ட். கனடாவின் மேற்குக் கரையில், அலாஸ்கா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, கேயன் என்ற தீவில் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,300. நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவுதான். ஆனால் 1910 மார்ச் 10 முதலே சட்டப்படி இது நகரம்.

நான் ஈரோட்டு ரயில்வே காலனியில் வளர்ந்தவள். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தார். ஏழு வருடத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்த முதல் ராத்திரி, மழைச் சத்தத்துக்கு நடுவே பெட்டிகள் இடித்துக் கோத்துக்கொள்ளும் ஓசை கீழேயிருந்து கேட்டது. தெரியாத தேசத்தில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். இந்த ஊரின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு அந்தச் சத்தம்தான் காரணம்.

கதை சார்லஸ் மெல்வில் ஹேஸ் என்பவரிடம் தொடங்குகிறது. கிராண்ட் ட்ரங்க் ரயில்வேயின் தலைவராக இருந்தவர். வான்கூவருக்கு 1887-லேயே வேறொரு கம்பெனியின் ரயில் வந்துவிட்டது. அதற்குப் போட்டியாக வடக்கே இன்னொரு பாதை போட்டு, அது கடலைத் தொடும் இடத்தில் ஒரு துறைமுகத்தையே புதிதாக எழுப்பிவிடலாம் என்று ஹேஸ் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. இங்கிருந்து ஆசியாவுக்குக் கப்பலில் போனால், வான்கூவரிலிருந்து போவதைவிட ஒரு நாளுக்கு மேல் மிச்சம். கடல் ஆழமானது, குளிர்காலத்திலும் உறையாது. ராக்கி மலையை யெல்லோஹெட் கணவாய் வழியாகக் கடப்பதால் பாதையில் ஏற்றமும் குறைவு. ஏற்றம் குறைந்தால் அதே எஞ்சின் கூடுதலாகப் பத்துப் பெட்டி இழுக்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டவளுக்கு, ஹேஸ் ஏன் இந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று உடனே புரிந்தது.

ஊர் எழும்பும் முன்பே பெயருக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு 250 டாலர். ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வென்ற பெயருக்கோ பன்னிரண்டு எழுத்து! ரோமத்தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் முதல் கவர்னராக இருந்த இளவரசர் ரூபர்ட்டின் பெயர் அது. விதிக்குள் அடங்குகிற 'போர்ட் ரூபர்ட்' என்ற பெயரை அனுப்பியவர்களுக்கும் பரிசுத் தொகை கொடுத்துச் சமாதானம் செய்தார்களாம். பாஸ்டனிலிருந்து நிலவடிவமைப்பாளர்களை வரவழைத்து, மலை வளைவுக்குத் தக்கபடி தெருக்களை வரைந்தார்கள். 1909 மே மாதம் வான்கூவரில் மனைகள் ஏலம் போயின. வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த மண்ணைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மண் என்று சொல்வதே சரியில்லை. கீழே பாறை, அதன் மேல் கால் வைத்தால் புதைகிற சதுப்பு. வெடி வைத்துத் தகர்த்துத்தான் தெரு போட்டார்கள். தகர்க்க முடியாத இடத்தில் பலகைச் சாலை. இன்றும் ஒரு தெருவிலிருந்து மேல் தெருவுக்கு ஏற மரப் படிக்கட்டுகள் இருக்கின்றன. நான் வேலைக்குப் போவதும் அப்படி ஒரு படிக்கட்டில் ஏறித்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. "ரயில் வருவதற்கு முன் இங்கே ஒன்றுமே இல்லை" என்று பலர் எழுதுகிறார்கள். அது பொய். இந்தத் துறைமுகத்தைச் சுற்றி சிம்ஷியன் பழங்குடி மக்கள் ஐயாயிரம் ஆண்டுக்கும் மேலாக வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் கரையில் கிடக்கின்றன. கேயன் என்பதே அவர்கள் மொழியில் நுரைக்கும் நீரைக் குறிக்கிற சொல். ஊருக்கு வெளியே பட்ஸ் என்ற இடத்தில் ஓதம் மாறும்போது கடல்நீர் குறுகிய வாய்க்குள் புகுந்து நுரைத்துத் திரும்பி ஓடுவதைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். ஊர் எழுப்புவதற்காக மெட்லகாட்லா என்ற ஊரின் சிம்ஷியன்களுக்கென்று ஒதுக்கியிருந்த நிலத்திலிருந்து சுமார் 13,500 ஏக்கரை ஏக்கர் ஏழரை டாலர் என்று வாங்கினார்கள். ரயிலால் பிறந்த ஊர் என்று நானும்தான் சொல்கிறேன், ஆனால் பிறந்த வீடு அவர்களுடையது.

ஹேஸ் தன் ரயில் இங்கே வந்து சேர்வதைப் பார்க்கவே இல்லை. 1912 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது டைட்டானிக்கில் இறந்துபோனார். அவர் கட்ட நினைத்த மாபெரும் ஹோட்டல் எழும்பவே இல்லை. பாதையின் கடைசி ஆணி 1914 ஏப்ரல் 7 அன்று ஃபோர்ட் பிரேசர் அருகே அடிக்கப்பட்டது. நான்கு மாதத்தில் உலகப் போர். அதே ஆகஸ்டில் பனாமா கால்வாயும் திறந்தது. சரக்கு வரவில்லை, 1919-இல் கம்பெனி திவாலாகி அரசின் கைக்குப் போனது. இன்று ஹேஸின் சிலை நகர மன்றக் கட்டடத்தின் பக்கத்தில் மழையில் நனைந்தபடி நிற்கிறது. மேல்நிலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான். அந்தப் பள்ளி விளையாட்டு அணிகளின் பெயர் 'ரெயின்மேக்கர்ஸ்', அதாவது மழை கொண்டுவருபவர்கள். இந்த ஊரில் பெய்கிற மழைக்கு வேறு என்ன பெயர் வைப்பது!

என் கருத்து இதுதான்: பெற்றது ரயில் என்றாலும் வளர்த்தது மீன். பெருநகரக் கனவு கலைந்த பிறகும் ஊர் சாகாமல் இருந்ததற்கு ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன் காரணம். ஆள் உயரத்துக்கு மேல் வளரும். குளிர்பதனக் கிடங்கு ஒன்று ரயிலுக்கு முன்பே வந்திருந்தது. பாதை திறந்ததும் ஐஸில் வைத்த மீன் ரயிலேறிக் கிழக்கு நகரங்களுக்குப் போனது. உலகின் ஹாலிபட் தலைநகரம் என்று ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்டது. 1923-இல் இந்த மீனைக் காப்பதற்காக அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தம்தான், பிரிட்டன் கையெழுத்து இல்லாமல் கனடா தனியாகக் கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தம். ஒரு நாடு தன் காலில் நின்றதற்கு ஒரு மீன் சாட்சி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அதற்கும் முன்பே, 1870-களிலிருந்து, பக்கத்து ஸ்கீனா ஆற்று முகத்தில் சால்மன் டப்பா ஆலைகள் நடந்தன. அவற்றில் 1889-இல் தொடங்கிய நார்த் பசிபிக் என்ற ஆலையை இன்று அருங்காட்சியகமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முளைக்கால்களின் மேல், தண்ணீருக்கு மேலே மரத்தில் கட்டிய ஒரு முழு ஊர் அது. வெள்ளைக்கார மேலாளருக்கு ஒரு வீடு, சீனர்களுக்குத் தனிக் கொட்டடி, ஜப்பானியர்களுக்குத் தனி வரிசை, பழங்குடிகளுக்குத் தனி வரிசை. பார்த்ததும் எனக்கு நம்மூர்க் காலனிகளும் சேரிகளும்தான் நினைவுக்கு வந்தன. என் பக்கத்து வீட்டுப் பாட்டி சிம்ஷியன். (என் மகள் அவரைப் 'பாட்டி' என்றே கூப்பிடுகிறாள். அவரும் அந்தத் தமிழ்ச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறார்.) பதினைந்து வயதில் மீன் கழுவும் வரிசையில் நின்றவர். அவருடைய அம்மா கைக்குழந்தையைப் பக்கத்தில் தொட்டிலில் போட்டுவிட்டு டப்பா நிரப்பியவர். அப்போது ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்கள் இன்றும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன என்கிறார் பாட்டி. ஜப்பானிய மீனவர்களின் படகுகளைப் பறித்துக்கொண்டு 1942-இல் அவர்களைக் கரையிலிருந்தே வெளியேற்றினார்கள். அதைச் சொல்லும்போது பாட்டியின் குரல் இறங்கிவிடும். அவருடைய அம்மாவின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள்.

அதே போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் அலாஸ்காவுக்குத் தளவாடம் அனுப்ப இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. ஏழாயிரத்தை எட்டாத ஊரில் இருபதாயிரத்துக்கும் மேல் ஆட்கள் குவிந்தார்கள். ஜப்பானியத் தாக்குதலுக்குப் பயந்து ஸ்கீனா ஆற்றோரம் கவச ரயில் ஒன்று ரோந்து போனது. உள்நாட்டோடு இணைக்கும் சாலை 1944-இல்தான் வந்தது. அதுவரை முப்பது வருடம், தரைவழியாக வெளியே போக இந்தத் தண்டவாளம் ஒன்றுதான்.

பிறகு 1951-இல் வாட்சன் தீவில் காகிதக் கூழ் ஆலை வந்து ஐம்பது வருடம் சோறு போட்டது. 2001-இல் அது மூடியபோது விழுந்த அடி பலமானது. 1996-இல் பதினாறாயிரத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை பன்னிரண்டாயிரத்துச் சொச்சமாக இறங்கியது. வீட்டைப் பூட்டிச் சாவியை வங்கியில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு என்று ஆஸ்பத்திரியில் பழைய ஊழியர்கள் சொல்வார்கள். 2007-இல் ஃபேர்வியூ கண்டெய்னர் முனையம் திறந்தது. ஆசியாவிலிருந்து வரும் பெட்டிகள் இங்கே இறங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ரயிலேறி சிகாகோ வரை போகின்றன. ஹேஸின் கணக்கு தொண்ணூற்று மூன்று வருடம் தாமதமாகச் சரியானது.

ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. மைல் நீளத்துக்கும் மேலாக வண்டிகள் போகின்றன, அவற்றில் எங்களுக்கென்று இறங்குவது எதுவும் இல்லை. கடைக்கு வரும் காய்கறி லாரியில் வருகிறது. குளிர்காலத்தில் பனிச்சரிவு விழுந்து சாலை மூடினால் இரண்டே நாளில் பால் அலமாரி காலி. ஆகவே எல்லார் வீட்டிலும் பெரிய ஃப்ரீசர், அதில் சால்மன், ஹாலிபட். கறிவேப்பிலை வான்கூவரிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவருவது. ஹாலிபட்டுக்கு முள் தொல்லை இல்லை. புளியைக் கொஞ்சம் குறைத்துக் குழம்பு வைத்து, கொதி அடங்கியபின் மீனைப் போட வேண்டும். இல்லையென்றால் உதிர்ந்துவிடும்.

மழை ஆண்டுக்குச் சுமார் 2,600 மி.மீ. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயாது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். குடை பிடிப்பவர் ஊருக்குப் புதியவர் என்று அர்த்தம், காற்றில் குடை நிற்காது. ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும்தான் எல்லாருக்கும். விமானம் பிடிப்பதும் தனி அனுபவம். விமான நிலையம் எதிரே இன்னொரு தீவில் இருக்கிறது. ஊருக்குள் பஸ் ஏறினால், பஸ்ஸோடு படகில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். மூடுபனி இறங்கினால் அதே படகில் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

வருடத்தில் எனக்குப் பிடித்த வாரம் பிப்ரவரியில் வரும். 1960 முதல் நடக்கும் 'ஆல் நேட்டிவ்' கூடைப்பந்துப் போட்டி. கரையோரக் கிராமங்களிலிருந்தும் ஹைடா குவாய் தீவுகளிலிருந்தும் அணிகள் வரும், கூடவே தாத்தா பாட்டி பேரக்குழந்தைகள் என்று குடும்பமே வரும். பழங்குடிகளின் பெருவிருந்துச் சடங்கைக் கனடா அரசு 1951 வரை தடை செய்து வைத்திருந்தது. கூடிப் பாடவும் ஆடவும் வழி மறுக்கப்பட்ட மக்கள், இங்கே பறையோடும் பாட்டோடும் அரங்குக்குள் நுழைவதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடும். கடைசி ஆட்டத்தன்று கடைத்தெருவில் ஆளே இருக்காது. பாட்டிக்கு முன்வரிசை வேண்டும் என்பதற்காக மதியமே போய் நான் துண்டு போட்டு இடம் பிடிப்பேன்.

வந்து பார்க்க நினைப்பவர்கள் ராக்கி மலையிலுள்ள ஜாஸ்பர் ஊரிலிருந்து பயணிகள் ரயிலில் வாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள்தான், 1,160 கி.மீ., இரண்டு பகல். இரவு பிரின்ஸ் ஜார்ஜில் இறங்கி அறை எடுத்துத் தங்க வேண்டும், முன்பதிவு செய்துவிடுங்கள். கூட்ஸுக்கு வழிவிட்டு லூப் லைனில் (பக்கத் தண்டவாளத்தில்) நிற்க நிற்கத்தான் வண்டி வரும், ஆகவே மறுநாள் காலை விமானத்தை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். டெரஸ் என்ற ஊரைத் தாண்டியதும் இடதுபக்க ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள், ஸ்கீனா ஆறு கடைசி வரை அந்தப் பக்கமே கூட வரும். ஊருக்குள் வந்ததும் கடற்கரையில் க்வினிட்சா ஸ்டேஷன் என்ற சின்ன மரக்கட்டடம் இருக்கும். ஆற்றோரம் பாழடைந்து கிடந்ததை 1985-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம் வாழ்ந்த அறைகளும் தந்தி மேசையும் அப்படியே இருக்கின்றன. கோடையில் திறந்திருக்கும். என் அப்பா போன வருடம் வந்தபோது அந்த மேசை முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.