தோற்ற கட்சி எங்கே தொடங்குவது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் பல வருடங்களாக ஒரே கட்சியில் இருப்பவன். பெரிய பொறுப்பு கிடையாது, வாக்குச்சாவடி வேலைதான். அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களில் தோற்றுவிட்டோம். சமீபத்தில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. பாதிப் பேர், "கொள்கையை விட்டோம், அதனால் தோற்றோம்" என்றார்கள். மீதிப் பேர், "கொள்கை பேசிப் பேசியே தோற்றோம், இனி ஜெயிக்கிற வழியைப் பார்ப்போம்" என்றார்கள். முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்துவிட்டோம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது. தன் அடிப்படையை இழக்காமல் ஒரு கட்சி தன்னை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது? பேசாமல் விலகிவிடலாமா என்றும் சில நாள் தோன்றுகிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு தரப்பும் என்ன சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள். பேசியவர்கள் யார் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோரும் தோல்விக்குப் பிறகும் கட்சியில் நிற்பவர்கள். முன்பு உங்களுக்கு ஓட்டுப் போட்டு, இந்த முறை மாற்றிப் போட்டவர் ஒருவர்கூட அங்கே இருந்திருக்க மாட்டார். தோற்ற கட்சியின் முதல் சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். கொள்கையா வெற்றியா என்கிற வழக்கு அப்புறம்தான் வர வேண்டும்.

ஒவ்வொரு தோல்வியிலும் கட்சி சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அரைமனதோடு இருந்தவர்கள், எதிர்த்தரப்பையும் யோசித்துப் பார்க்கிறவர்கள் முதலில் போய்விடுகிறார்கள். ஆழமாக நம்புகிறவர்கள் மிஞ்சுகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் கொடி பிடிக்க ஆள் இருக்காது. ஆனால் கட்சிக்குள் கேட்கிற பேச்சும் வெளியே வாக்காளர்கள் பேசிக்கொள்வதும் தோல்விக்குத் தோல்வி விலகிக்கொண்டே போகின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் உள்ளே முன்பைவிட ஒற்றுமை கூடியிருக்கிறது.

பிரிட்டனின் லேபர் கட்சி 1979-இல் ஆட்சியை இழந்தது. 1981-இல் அதன் முன்னாள் அமைச்சர்கள் நால்வர் வெளியேறி, சமூக ஜனநாயகக் கட்சி என்று தனிக்கட்சி தொடங்கினார்கள். மிஞ்சியவர்கள் 1983 தேர்தல் அறிக்கையை எழுதினார்கள். மற்ற நாடுகளுக்குக் காத்திராமல் அணு ஆயுதத்தைக் கைவிடுவது, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகுவது, தொழில்களை மேலும் அரசுடைமையாக்குவது ஆகியவை அதில் இருந்தன. கிடைத்தது 27.6 சதவீத ஓட்டு, 650 இடங்களில் 209. வெளியேறியவர்களும் லிபரல் கட்சியும் சேர்ந்த அணி 25.4 சதவீதம் வாங்கியும் 23 இடங்களோடு நின்றது. தொகுதிவாரி முறை இல்லாமல் இருந்திருந்தால் லேபர் கட்சியின் கதை அன்றே வேறு மாதிரி ஆகியிருக்கும். அந்த முடிவுக்குப் பிறகும், கட்சியின் இடதுசாரித் தலைவர்களில் ஒருவரான டோனி பென், வெளிப்படையாக சோஷலிசம் பேசிய ஒரு கட்சிக்கு 85 லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பிக்கையோடு எழுதினார். அந்தத் தேர்தலில் அவரே தன் தொகுதியை இழந்திருந்தார். தான் நம்பியதை ஒளிக்காமல் பேசியவர் அவர், எண்ணிக்கையும் சரிதான். ஆனால் நான்கு வருடம் முன்னால் அதே கட்சிக்கு ஒரு கோடியே 15 லட்சம் ஓட்டுகள் விழுந்திருந்தன. இடையில் போன 30 லட்சத்தைப் பற்றித்தான் கட்சி பேசியிருக்க வேண்டும்.

தோல்விக்குக் கட்சிக்காரர்கள் சொல்லும் காரணங்கள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளடி வேலை, பணம் விளையாடியது, ஊடகங்கள் எதிராக நின்றன, நம் செய்தி மக்களிடம் போய்ச் சேரவில்லை. சில சமயம் இவை உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கடைசிக் காரணம் மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். பல முறை செய்தி நன்றாகவே போய்ச் சேர்ந்திருக்கும், கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்றிருப்பார்கள்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சி 1980, 1984, 1988 என்று மூன்று அதிபர் தேர்தல்களில் தொடர்ந்து தோற்றது. 1984-இல் 50 மாநிலங்களில் ஒன்றே ஒன்று, மினசோட்டா, அவர்களுக்குக் கிடைத்தது. 1989-இல் அந்தக் கட்சி ஆதரவாளர்களான வில்லியம் கால்ஸ்டன், எலைன் காமார்க் இருவரும் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். கட்சி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தது அந்த அறிக்கை. 'நம் ஆட்கள் ஓட்டுப் போட வரவில்லை, வந்திருந்தால் ஜெயித்திருப்போம்' என்பது அவற்றில் ஒன்று. வராதவர்கள் வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கட்சிக்குள் பலருக்கு அது பிடிக்கவில்லை. மூன்று வருடம் கழித்து பில் கிளின்டன் ஜெயித்தது அந்தத் திசையில் யோசித்துத்தான்.

சரி, போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனிதான் உங்கள் இரண்டு தரப்புக்கும் நடுவே உள்ள சண்டை வருகிறது. இரு தரப்பும் ஒரே தவறைச் செய்வதாக எனக்குப் படுகிறது. ஒரு கட்சி எதற்காக இருக்கிறதோ அதையும், அதை அடைய ஒரு காலத்தில் தேர்ந்துகொண்ட வழியையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு தரப்பு கட்டு மொத்தத்தையும் காப்பாற்றப் பார்க்கிறது, இன்னொரு தரப்பு மொத்தத்தையும் தூக்கிப் போடப் பார்க்கிறது.

இந்தக் கட்டைப் பொறுமையாகப் பிரித்த கட்சி என்று நான் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியைச் சொல்வேன். போருக்குப் பிந்தைய முதல் மூன்று தேர்தல்களிலும், 1949, 1953, 1957, அவர்கள் தோற்றார்கள். மூன்றாவதில் எதிரணி 50.2 சதவீதம் வாங்கியது, இவர்கள் 31.8. அதற்கடுத்த வருடமே ஸ்டுட்கார்ட் மாநாட்டில் புதிய திட்டத்தின் வரைவு வைக்கப்பட்டது. கட்சிக்குள் அதை அலசினார்கள், திருத்தினார்கள். 1959 நவம்பரில் பாட் கோடெஸ்பெர்க் நகரில் கூடிய சிறப்பு மாநாட்டில் 324 பேர் ஆதரித்தும் 16 பேர் எதிர்த்தும் ஓட்டுப் போட, திட்டம் நிறைவேறியது. சுதந்திரம், நீதி, ஒருவருக்கொருவர் துணைநிற்பது, இந்த மூன்றும் கட்சியின் அடிப்படை என்று அதில் எழுதினார்கள். உற்பத்திச் சாதனங்களை அரசுடைமையாக்குவது இலக்கு என்ற இடத்திலிருந்து, தேவைப்பட்டால் கையாளக்கூடிய ஒரு வழி என்ற இடத்துக்கு இறங்கியது. முடிந்தவரை போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்று பொருளாதாரத்தைப் பற்றிச் சொன்னார்கள். மார்க்ஸின் பெயர் அந்த ஆவணத்தில் இல்லை. அதை மாநாட்டில் ஆதரித்துப் பேசி நிறைவேற வழிசெய்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் வேனர், இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்.

பலன் மெதுவாகத்தான் வந்தது. 1961-இல் 36.2 சதவீதம், 1965-இல் 39.3, 1969-இல் 42.7. அவர்களுடைய தலைவர் வில்லி பிராண்ட் சான்சலரானபோது (நம் பிரதமர் பதவிக்கு ஈடானது) கோடெஸ்பெர்க் நடந்து பத்து வருடம் ஆகியிருந்தது. கொள்கையைக் கைவிட்டார்களா என்று கேட்டால், அவர்கள் ஆட்சியில் இருந்தபோது வந்த சட்டங்களைக் காட்டுவேன். 1976-இல் பெரிய நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர்களுக்குப் பாதி இடம் கிடைத்தது. ஆலையை அரசுடைமையாக்காமலே ஆலையின் முடிவுகளில் தொழிலாளிக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்கள்.

அதே 1959 நவம்பரில்தான் லேபர் கட்சித் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கெலும் இதே காரியத்தை முயன்றார். அரசுடைமையை இலக்காகச் சொல்லும் நான்காம் விதியை மாற்ற வேண்டும் என்று, தேர்தல் தோல்விக்கு அடுத்த மாதமே மாநாட்டில் பேசினார். கட்சி மறுத்துவிட்டது. 1995-இல் டோனி பிளேர் அதை மாற்றும்வரை இன்னும் 36 வருடம் ஆயிற்று. கெய்ட்ஸ்கெலின் வாதம் பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கீழே இருப்பவர்களிடம் பேசித் தயார் செய்யாமல், காயம் ஆறுவதற்குள், மேலிருந்து வந்த யோசனையாக அது போய்விட்டது. உங்கள் தலைமை இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வு நடத்தி அறிக்கையைப் பூட்டி வைக்கிற வழக்கமும் இதே வகைதான். 2014-இல் 44 இடங்களுக்குச் சுருங்கிய காங்கிரஸ், ஏ.கே. அந்தோணி தலைமையில் குழு போட்டது. அறிக்கை தலைமையிடம் போனது, தொண்டனுக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது. தொண்டன் பேசாத ஆய்வால் தொண்டன் மாறுவதில்லை.

எதிர்த்தரப்பு செய்ததில் மக்களுக்குப் பிடித்துப்போன ஒன்றை ஒப்புக்கொள்வதும் பெரிய வேலை. 1945-இல் சர்ச்சில் தலைமையில் படுதோல்வி அடைந்த கன்சர்வேட்டிவ் கட்சி, 1947-இல் ஆர்.ஏ. பட்லர் முன்னின்று தயாரித்த 'தொழில் சாசனம்' என்ற கொள்கை அறிக்கையில் முழு வேலைவாய்ப்பையும் சில அரசுடைமைகளையும் ஏற்றுக்கொண்டது. கூடவே வூல்டன் பிரபு கிளைகளையும் நிதியையும் புதிதாகக் கட்டினார். 1951-இல் திரும்பி வந்தபோது லேபர் கொண்டுவந்த தேசிய மருத்துவ சேவையை அவர்கள் கலைக்கவில்லை.

இப்போது 'ஜெயிக்கிற வழியைப் பார்ப்போம்' என்றவர்களிடம் வருகிறேன். அவர்கள் நினைப்பதுபோல ஒரு வழி, கண்ணுக்குத் தெரிய, தயாராக எங்கேயும் இருப்பதில்லை. 2012-இல் தோற்ற அமெரிக்கக் குடியரசுக் கட்சி அடுத்த வருடம் விரிவான ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஈர்க்க வேண்டும், குடியேற்றச் சட்டச் சீர்திருத்தத்தை ஆதரிக்க வேண்டும் என்று அது சொன்னது. 2016-இல் டொனால்ட் டிரம்ப் அதற்கு நேர் எதிராகப் பேசி வேட்பாளரானார், ஜெயிக்கவும் செய்தார். ஆக, அதே கட்சிக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பாதைகள் இருந்திருக்கின்றன. எந்தப் பாதையில் ஓட்டு கிடைக்கும் என்று கருத்துக்கணிப்பு ஓரளவு சொல்லும். எந்தப் பாதையில் போய் ஜெயித்தால் நாட்டை எப்படி ஆக்குவோம் என்பதைக் கட்சிதான் தீர்மானிக்க வேண்டும்.

சில தோல்விகளுக்கு வருந்தவே கூடாது. 1964-இல் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் சிவில் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். பொது இடங்களிலும் வேலையிலும் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் அது. அதே வருடத் தேர்தலில் நாடு முழுவதும் அவர் பெருவெற்றி பெற்றார், ஆனால் தெற்கில் ஐந்து மாநிலங்கள் கைவிட்டுப் போயின. அவற்றில் ஜார்ஜியா அதுவரை ஒரு அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்குப் போனதில்லை. 1968-இல் உள்நாட்டுப் போர்க்காலத்தில் பிரிந்து நின்ற தென்மாநிலங்களில் டெக்சாஸ் மட்டும்தான் ஜனநாயகக் கட்சிக்கு மிஞ்சியது. அந்தச் சட்டம் வேண்டாமென்று விட்டிருக்கலாம் என்று ஒரு வியூக நிபுணர் சொன்னால், அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் கட்சி எடுத்த நிலைப்பாடுகளையும் இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். இதனால் மறுபடியும் தோற்போம் என்று தெரிந்தாலும் இதைச் செய்வோமா? ஆம் என்றால் அது உங்கள் அடிப்படை. தயக்கம் வந்தால் அது பெரும்பாலும் பழக்கம், அல்லது ஒரு காலத்துத் திட்டம். அப்படிப்பட்டதை மாற்றலாம், மாற்றுவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

எதுவும் மாறாமல் காத்திருந்தே ஆட்சிக்கு வருவதும் நடக்கிறது, அதை மறைப்பதில் பயனில்லை. 1977-இல் 154 இடங்களுக்கு இறங்கிய காங்கிரஸ் 1980-இல் 353 இடங்களோடு திரும்பியது. ஜனதா உடைந்தது அதற்குப் பெரிய காரணம். திமுக 1977, 1980, 1984 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் தோற்று 1989-இல் வந்ததற்கும், எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் எதிர்த்தரப்பு பிளந்து நின்றது உதவியது. அத்தனை வருடமும் கிளை அமைப்பு கலையாமல் இருந்ததால்தான் அந்த வாய்ப்பை அவர்களால் பயன்படுத்த முடிந்தது. எதிராளி உடைவது உங்கள் கையில் இல்லை. கிளையைக் கலையாமல் வைத்திருப்பது உங்களைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது.

நீங்கள் வாக்குச்சாவடி வேலை பார்ப்பவர் என்பதால் தலைமைக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். வாக்காளர் பட்டியலில் எந்த வீடு உங்களைவிட்டுப் போனது என்று பெயரைப் பார்த்தே ஊகிக்க முடியும். அந்த வீடுகளுக்குத் தேர்தல் இல்லாத நேரத்தில் போங்கள். ஏன் போடவில்லை என்று கேட்க வேண்டாம், கேட்டால் சமாதானம்தான் சொல்வார்கள். இந்த வருடங்கள் எப்படிப் போயின, எது கஷ்டம், யாரை நம்புகிறார்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு வாதாடாதீர்கள். கட்சிக்காரருக்கு இது மிகவும் கடினம், ஆனாலும் கேட்டதைத் திருத்தாமல் எழுதி, அடுத்த செயற்குழுவில் யார் பேசத் தொடங்குவதற்கும் முன்னால் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு நடக்கும் சண்டை வேறு தரத்தில் இருக்கும்.

விலகுவது பற்றிக் கேட்டீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது என்று எழுதுகிறவர் போய்விட்டால், கட்சி இன்னும் கொஞ்சம் காது கேளாததாகும். அதனால் இருங்கள் என்றுதான் சொல்வேன். தோற்றாலும் செய்வோம் என்று நீங்கள் மனதில் குறித்து வைத்திருக்கும் விஷயங்களில் ஒன்றை, நாலு ஓட்டுக்காகக் கட்சி விற்கத் துணிந்தால், அன்று காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு தேர்தல் தோல்வி மட்டும் அதற்குக் காரணமாகாது.

அன்புடன்.