கோட்டை மாகாணத்தில் இடைவெளி குறைந்தால்: வாசகர் கேள்வி – பதில்

ஒரு கட்சியின் கோட்டை என்று பெயரெடுத்த அமெரிக்க மாகாணத்தில் போட்டி நெருங்குவதாகக் கருத்துக்கணிப்பு வந்தால் அதை எப்படிப் படிப்பது என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். பாம்பன் தீவிலிருந்து தொண்டி வரை, கடலோரத்து வீடுகளில் அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் பலர் என்பதால், அந்தக் குறிப்புக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கடிதங்கள் வந்தன. அவற்றில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (படகு உரிமையாளர், தங்கச்சிமடம்): என் மகன் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு தேர்தலின்போதும் "டெக்சஸில் போட்டி நெருங்கிவிட்டது" என்கிறார்கள். கடைசியில் குடியரசுக் கட்சிதான் வெல்கிறது. பிறகு எதற்கு இந்தக் கணிப்பு?

பதில்: நெருங்கியது பொய்யில்லை, ஐயா. நெருங்கியது என்றாலே விழப்போகிறது என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. டெக்சஸில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் கடைசியாக வென்றது 1976ஆம் ஆண்டு. அவர் ஜிம்மி கார்ட்டர். மாகாணம் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் எந்தப் பதவிக்கும் 1994க்குப் பிறகு அக்கட்சியைச் சேர்ந்த ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 2012இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி ஏறத்தாழ 16 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். டிரம்ப் 2016இல் 9 புள்ளியிலும் 2020இல் ஐந்தரைப் புள்ளியிலும் வென்றார். இடையில் 2018ஆம் ஆண்டு செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலில் குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ், ஜனநாயகக் கட்சியின் பெட்டோ ஓ'ரூர்க்கை 3 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் தோற்கடித்தார். எட்டே ஆண்டுகளில் இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்ததால், கணிப்பாளர்கள் சொன்னதை வெறும் பரபரப்பு என்று ஒதுக்க முடியாது.

ஆனால் 2024இல் அதே இடைவெளி மீண்டும் 13 புள்ளியைத் தாண்டி விரிந்தது. காரணம், மாகாணம் முழுவதும் ஒரே பக்கம் நகரவில்லை. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் நகரங்களைச் சுற்றியுள்ள புறநகர்களில் படித்த நடுத்தர வகுப்பினர் குடியரசுக் கட்சியை விட்டு விலகிய அதே காலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்த மக்கள் எதிர்த்திசையில் நகரத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டார் கவுண்டி என்ற ஒரே ஒரு சிறு பகுதியைப் பாருங்கள். ஸ்பானிய வழி மக்களே ஏறக்குறைய முழுவதுமாக வாழும் அந்த இடத்தில் 2012இல் ஒபாமாவுக்கு நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் விழுந்தது. 2020இல் பைடன் பாதியைச் சற்றே தாண்டினார். 2024இல் டிரம்ப் வென்றார். அதற்கு முன் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரும் வென்றதில்லை. எல்லோரும் டெக்சஸ் என்ற பெரிய கோட்டையின் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதற்குள்ளேயே இருந்த எதிர்க்கட்சியின் சிறு கோட்டை இடிந்துகொண்டிருந்தது. மாகாணத்துக்கு ஒரு சராசரி எண் என்று பார்த்தால் இந்த இரண்டு நகர்வுகளும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020இல் பல டெக்சஸ் கணிப்புகள் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசம்தான் என்றன. பைடனுக்கு அவை சொன்ன பங்கும் அவர் பெற்ற பங்கும் ஏறத்தாழ ஒன்றே. டிரம்ப்பின் பங்கைத்தான் அவை குறைத்துக் காட்டின. கோட்டை மாகாணத்தில் ஆளும் கட்சிமீது மனக்குறை உள்ளவர் தொலைபேசியில் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பார். வாக்குச்சீட்டைக் கையில் எடுத்ததும் பழகிய சின்னத்துக்கே திரும்பிவிடுவார். ஆகவே இடைவெளியை மட்டும் பார்க்காதீர்கள். எதிரணி வேட்பாளரின் சொந்தப் பங்கு அந்த மாகாணத்தில் அவருடைய கட்சி முன்பு தொட்ட உச்சத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாமல் முன்னிலையில் இருப்பவரின் பங்கு மட்டும் குறைந்திருந்தால், அந்த நெருக்கம் பெரும்பாலும் கடைசி வாரத்தில் கரைந்துவிடும்.

பாம்பன் துறைமுகத்தில் 1ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைவில் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்திருக்கிறது என்பதே அதன் பொருள். புயல் பாம்பனில் கரையேறும் என்று அது சொல்வதில்லை. எங்காவது கரையேறலாம், கடலிலேயே வலுவிழக்கவும் செய்யலாம். ஆனாலும் படகை இழுத்துக் கட்டுகிறோம். கோட்டை மாகாணத்தில் வரும் நெருக்கமான கணிப்பையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அந்த மாகாணம் விழாவிட்டாலும், அதே மாதிரி மக்கள் வாழும் வேறொரு மாகாணத்தில் அந்தக் காற்று அடிக்கலாம். டெக்சஸ் புறநகர்களில் தெரிந்த நகர்வு 2020இல் ஜார்ஜியாவில் கரையேறியது: 1992க்குப் பிறகு முதன்முறையாக ஜனநாயகக் கட்சி அங்கே வென்றது, வெறும் 11,779 வாக்குகளில்.

கேள்வி (கல்லூரி மாணவி, கீழக்கரை): மூன்று கோடிப் பேர் வாழும் மாகாணத்தில் 800 பேரைக் கேட்டு முடிவு சொல்வது எப்படி நியாயம்?

பதில்: மண்டபத்தில் இறால் படகு கரைக்கு வந்ததும் கம்பெனிக்காரர் என்ன செய்கிறார் என்று ஒருநாள் நின்று பாருங்கள். பெட்டியில் உள்ள அத்தனை இறாலையும் அவர் எண்ணுவதில்லை. ஒரு கிலோ அள்ளித் தராசில் வைத்து எண்ணுகிறார். முப்பது இருந்தால் முப்பது கவுண்ட், அதற்கேற்ற விலை. பெட்டி சிறியதோ பெரியதோ, ஒரு கிலோ போதும். ஆனால் அனுபவமுள்ளவர் அள்ளுவதற்கு முன் கையை அடிவரை விட்டுப் பெட்டியைப் புரட்டுவார். பெரிய இறால் மேலே கிடக்கும், பொடி அடியில் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கணிப்பின் கணக்கும் இதுவே. சரியாகப் புரட்டி அள்ளினால் 800 பேர் போதும்; பிழை வரம்பு, அதாவது உண்மை எண் மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, ஒவ்வொரு வேட்பாளரின் பங்குக்கும் சுமார் மூன்றரைப் புள்ளி. ஆனால் இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அந்த வரம்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதைச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சென்ற மாதம் 9 புள்ளி, இந்த மாதம் 4 புள்ளி என்று வந்தால், மக்கள் மனத்தில் எதுவும் மாறாமலேயே அப்படி வர இடமுண்டு. எனவே ஒரே நிறுவனம், ஒரே முறையில் எடுத்த முந்தைய கணிப்புடன் ஒப்பிடுங்கள். பிறகு வேறு நிறுவனங்களும் அதே திசையைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

புரட்டாமல் அள்ளியதற்கு 1936ஆம் ஆண்டை உதாரணமாகச் சொல்வார்கள். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. அவற்றை வைத்து அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாகாணங்களில் 46ஐ வென்றார். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் போதும் என்ற நினைப்பு அன்றோடு போயிருக்க வேண்டும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்): 2024இல் ஐயோவா மாகாணத்தில் கமலா ஹாரிஸ் முந்துகிறார் என்று மிகவும் மதிக்கப்பட்ட ஒரு கணிப்பாளர் சொன்னார். அது எப்படித் தவறியது?

பதில்: அவர் ஆன் செல்சர். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, டெமாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழுக்காக எடுத்த கணிப்பில் ஹாரிஸ் 47, டிரம்ப் 44 என்றார். டிரம்ப் 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அந்தக் கணிப்பு அறிவித்த பிழை வரம்பு 3.4 புள்ளி, வித்தியாசத்துக்கு அதை இரட்டித்தாலும் ஏழு புள்ளிக்குள்தான்; வந்த பிழையோ 16 புள்ளி.

அவரை ஏளனம் செய்து எழுதியவர்கள் பலர். நான் அதற்கு உடன்படவில்லை. 2016இலும் 2020இலும் மற்றவர்கள் இழுபறி என்றும் நெருக்கம் என்றும் சொன்னபோது டிரம்ப் ஐயோவாவில் 7 புள்ளி முன்னிலை என்று தயங்காமல் வெளியிட்டவர் அவர். இரண்டு முறையும் முடிவு அவர் சொன்னதை ஒட்டியே வந்தது. கூட்டத்தோடு ஒத்துப்போகாத எண்ணை மேசைக்குள் பூட்டி வைக்காமல் வெளியிடும் துணிவுதான் 2024இல் அவரைத் தவறச் செய்தது என்றாலும், அந்தத் துணிவு இல்லாத கணிப்பாளர்கள் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் எண்ணைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

தவறியதற்குக் காரணமாக நான் கருதுவது இது. வயது, பாலினம், வாழும் பகுதி ஆகியவற்றில் மட்டுமே, பதில் சொன்னவர்களின் விகிதத்தை மாகாண மக்களின் விகிதத்துக்கு ஏற்ப அவர் சமன்செய்தார். சென்ற தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை வைத்துச் சமன்செய்யவில்லை. ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் தொலைபேசியை எடுக்கவே மறுத்தால் அந்த முறை அவர்களின் இல்லாமையைக் கவனிக்காது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. கை அடிவரை போயும் பயனில்லை. அதே நாட்களில் எமர்சன் கல்லூரியின் கணிப்பு டிரம்ப் 10 புள்ளி முன்னிலை என்றது. 13 புள்ளி தூரத்தில் இரண்டு கணிப்புகள் நிற்கும்போது, மனத்துக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளாமல் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால், டிரம்ப் முன்னிலை என்பதாவது தெரிந்திருக்கும்.

கேள்வி (மீன் வியாபாரி, பாம்பன்): கணிப்பு நெருங்காமலே கோட்டை விழுந்ததுண்டா?

பதில்: உண்டு. விஸ்கான்சினில் குடியரசுக் கட்சி கடைசியாக 1984இல் வென்றிருந்தது. 2016 தேர்தலுக்குச் சில நாள் முன்பு மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் கணிப்பு ஹிலரி கிளின்டன் 46, டிரம்ப் 40 என்றது. பத்திரமான இடம் என்று கருதியதால் பொதுத்தேர்தல் பிரசாரத்துக்கு ஹிலரி ஒருமுறைகூட அங்கே போகவில்லை. டிரம்ப் 22,748 வாக்குகளில் வென்றார். வென்றவருக்கே, அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் ஒரு மாகாணத்துக்கு உரியவை அனைத்தும் போய்ச்சேரும் முறையில் (மெய்ன், நெப்ராஸ்கா மட்டும் விலக்கு), அந்தச் சிறு எண்ணிக்கைக்கு 10 தேர்வாளர் வாக்குகளின் கனம் இருந்தது. கல்லூரிப் படிப்பு இல்லாதவர்கள் கணிப்புகளுக்குக் குறைவாகப் பதிலளிப்பதை அன்று பல மாகாணக் கணிப்புகள் சரிசெய்யவில்லை.

எதிர் உதாரணம் மாசசூசெட்ஸ். எட்வர்ட் கென்னடி 1962 முதல் தம்மிடம் வைத்திருந்த செனட் இடத்துக்கு, அவர் மறைந்த பின் 2010 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு ஒரு கணிப்பு ஜனநாயகக் கட்சி 15 புள்ளி முன்னிலை என்றது. இன்னொன்று குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் 1 புள்ளி முன்னிலை என்றது. பிரவுன் 5 புள்ளியில் வென்றார். குளிர்காலத்து இடைத்தேர்தலில் யார் உண்மையில் வீட்டைவிட்டு வந்து வாக்களிப்பார்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஊகிக்க வேண்டியிருந்தது. கோட்டைக்காரர்கள் சோம்பியிருக்க, எதிரணியினர் வெறியோடு வரிசையில் நின்றால், ஊரின் மனம் மாறாமலே முடிவு மாறும்.

கேள்வி (வாசகர், ஏர்வாடி): நம் ராமநாதபுரம் தொகுதி யாருடைய கோட்டை?

பதில்: யாருடையதும் இல்லை. மக்களவைக்கு 2009இல் தி.மு.க., 2014இல் அ.தி.மு.க., 2019இலும் 2024இலும் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்று அனுப்பியிருக்கிறோம். நம் நாட்டில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மின்னணு ஊடகங்களில் கருத்துக்கணிப்பை வெளியிடத் தடையும் உண்டு.

கேள்வி (குடும்பத்தலைவி, தொண்டி): என் பேத்தி நியூ ஜெர்சியில் வளர்ந்தவள், முதல்முறை வாக்களிக்கும் வயது வந்திருக்கிறது. "இங்கே எப்போதும் ஒரே கட்சிதான் பாட்டி, என் ஓட்டால் என்ன ஆகும்" என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அம்மா, இரண்டு எண்களை மட்டும் சொல்லுங்கள். அந்த மாகாணத்தில் ஜனநாயகக் கட்சியின் வித்தியாசம் 2020இல் 16 புள்ளி. 2024இல் 6 புள்ளிக்கும் சற்றுக் குறைவு. எப்போதும் ஒரே கட்சி என்று அவள் நினைக்கும் இடத்தில் நான்கே ஆண்டுகளில் பத்துப் புள்ளி நகர்ந்திருக்கிறது. அவள் எந்தக் கட்சியை விரும்பினாலும் அந்த நகர்வில் அவளுக்கும் பங்கு உண்டு. அதிபர் பதவியோடு முடிவதும் இல்லை. காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் முதல் தன் ஊரின் மன்ற உறுப்பினர் வரை ஒரே சீட்டில் வருகிறார்கள், அங்கெல்லாம் நூறு வாக்கு பெரிய வாக்கு. நியூ ஜெர்சியில் வாக்காளராகப் பதிவு செய்யத் தேர்தலுக்கு 21 நாள் முன்பு கடைசி நாள். அடுத்த முறை அவள் அழைக்கும்போது, பதிவு செய்துவிட்டாளா என்று முதலில் கேளுங்கள்.